பட்டியலில் மூன்றாவது சொத்து

அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. மேலே இரண்டு தட்டு ஐயாவுக்கு, கீழே இரண்டு தட்டு மேடத்துக்கு. நடுத்தட்டு யாருக்கு என்று இரு தரப்பு வக்கீல்களும் ஒன்றரை வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது தீருகிற வரை நடுத்தட்டில் எதையும் வைக்கக் கூடாது என்று உத்தரவு. வக்கீல் ஒரு கடிதத்துக்கு வாங்குகிற கூலியில் அதே மாதிரி இன்னொரு ஃப்ரிட்ஜ் வாங்கிவிடலாம். ஆனால் வீம்பு மட்டும் ஓசியில் கிடைக்குமா என்ன, அதற்கும் விலை கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

சமையலம்மா அந்த நாடாவைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தாள். பதினான்கு வருஷமாக அந்தச் சமையலறை அவள் கையில்தான் இருந்தது. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயர் அவர்களுக்குத் தேவைப்பட்டது பத்திரத்தில் எழுத மட்டும்தான். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

விவாகரத்து வழக்கு இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. பிரியப் போகிறவர்கள் பிரிந்து போய்த் தொலையலாமே, ஏன் ஒரே கூரைக்குக் கீழே கிடக்கிறார்கள் என்று கேட்டால், அதற்கும் காரணம் இருந்தது. யார் முதலில் வாசலைத் தாண்டிப் போகிறாரோ அவருக்கு வீட்டின் மேல் பிடி தளர்ந்துவிடும் என்று இருவருடைய வக்கீலும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். அதனால் இருவரும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். ஐயா மாடியில், மேடம் கீழே. உப்புக்கு இரண்டு ஜாடி, சர்க்கரைக்கு இரண்டு டப்பா, மளிகை அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் இரண்டு சாவியையும் சமையலம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். இரண்டாகப் பிளக்க முடியாத பளிங்கு மேஜை. அதன் இரு முனையிலும் உட்கார்ந்துகொண்டு இருவரும் அவள் வழியாகப் பேசினார்கள்.

"அவர்கிட்ட சொல்லு, இந்த மாசம் கரண்ட் பில் அவர் முறைன்னு."

"ஐயா, கரண்ட் பில்..."

"காதுல விழுந்துது. அவகிட்ட சொல்லு, ஏசியை இருபத்தி நாலு மணி நேரமும் ஓடவிடுறவங்கதான் கட்டணும்னு."

நாலு எட்டு தூரத்தில் இருக்கிற காதுக்கு நாலு எட்டு நடந்துபோய்ச் சேதி சொல்கிற வேலை. சாக்கடை அடைப்பைக் கையால் எடுத்தபோதுகூட சமையலம்மாவுக்கு இப்படிக் குமட்டியதில்லை.

அதுமட்டுமா? மேடம் காய்ச்சலில் படுத்தபோது ஐயா மேடத்தின் அறை வரைக்கும் இறங்கி வந்தார். பரவாயில்லையே, மனுஷனுக்குள் ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று இவள் நினைத்தாள். அவர் வந்தது தலைமாட்டில் கிடந்த மாத்திரை அட்டையை வழக்குக்குச் சாட்சியாகப் போட்டோ எடுக்க. மேடமும் சளைத்தவள் இல்லை. மாமியார் சாவுக்கு வாங்கிய மலர் வளையத்தின் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, அதில் பாதி தனக்கு வரவேண்டும் என்று வழக்கில் சேர்த்திருந்தாள். சீ! வெளிநாட்டில் படிக்கிற மகன் போனில் கேட்பதும் ஒரே கேள்விதான்: "இந்தத் தடவை ஃபீஸ் யார் அக்கவுண்ட்ல இருந்து?" அவன் தப்பில்லை. அந்த வீட்டுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் வேறு எதைக் கேட்பான்!

கையெழுத்து விஷயம் ஆரம்பித்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அப்போது இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவர் மடியில் இன்னொருவர் கைவிட ஆரம்பித்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு சம்பள நாளில் ஐயா காகிதக் கட்டோடு சமையலறைக்கு வந்தார்.

"என்னம்மா, கை காலியா? இதுல நாலு இடத்துல கையெழுத்து போடு."

"என்னங்கய்யா இது?"

"ஒண்ணுமில்ல, வரி விஷயம். கடலோரமா ஒரு பங்களா வாங்குறேன். பேருக்கு ஒரு ஆள் வேணும். மேடத்துக்குத் தெரிய வேணாம். அவ பொறந்தநாளைக்குத் திடீர்னு காட்டலாம்னு இருக்கேன்."

ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரம் காரில் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கைரேகையும் வைக்கச் சொன்னார். மேடத்தின் பிறந்தநாள் அதற்கப்புறம் ஒன்பது தடவை வந்து போயிற்று. பங்களா மட்டும் வெளியே வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மேடம் வந்தாள். அன்றைக்கு மட்டும் அவள் வாயில் "அக்கா" வந்தது.

"அக்கா, உங்களைத் தவிர எனக்கு யாரு இருக்கா சொல்லுங்க. ஆறு கடை ஒரே வரிசையில வருது. என் பேர்ல வாங்கினா அவர் கண்ணை உறுத்தும். உங்க பேர்ல இருக்கட்டும். அவர்கிட்ட மூச்சு விடாதீங்க."

அதே அலுவலகம், அதே பெஞ்சு, வேறு கார். வேலை முடிந்ததும் மேடம் ஒரு கைப்பை கொடுத்தாள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் ஜிப் பிய்ந்திருந்தது. ஐயா அதைக்கூடக் கொடுக்கவில்லை. அவர் கொடுத்தது அரை நாள் லீவு.

இருவரிடமும் இவள் வாயைத் திறக்கவில்லை. அதை விசுவாசம் என்று நினைத்தாள். உள்ளுக்குள் பயமும் இருந்தது, அதை மறைப்பானேன். மாதா மாதம் தவணை கட்ட வேண்டியவள் முதலாளியை முறைத்துக்கொள்ள முடியுமா?

தவணை அவளுடைய சொந்த வீட்டுக்கு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இரண்டு அறை, துணி காயப்போட மட்டும் போதுமான ஒரு பால்கனி. புருஷன் போன பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாடகை வாடகையாக ஏழு வீடு மாறியவள், எட்டாவதைச் சொந்தமாக்கிக்கொண்டாள். கூட்டுறவுக் கடனில் மாதம் ஆறாயிரத்து நூறு, பதினோரு வருஷம். நூற்று முப்பத்திரண்டு ரசீதும் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. கடைசி ரசீது வந்து எட்டு மாதம் ஆயிற்று. அன்றைக்கு அம்மாவும் மகளும் அடுப்பே மூட்டவில்லை. வெறுந்தரையில் கால் நீட்டி உட்கார்ந்து நாலு சுவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த வீட்டுக்குத்தான் ஒரு சனிக்கிழமை காலையில் நீதிமன்ற நோட்டீஸ் வந்தது. மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், படித்தவள். நின்றபடியே வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

நடந்தது இதுதான். சொத்தைப் பங்கு பிரிக்கும்போது மற்றவர் எதையோ மறைக்கிறார் என்று இருவருக்கும் சந்தேகம். எங்கே மறைத்திருக்க முடியும்? தன் புத்திதானே மற்றவருக்கும் இருக்கும்! இருவரும் ஆளுக்கொரு துப்பறிகிற ஆளை வைத்தார்கள். இரண்டு ஆளும் ஒரே பதிவு அலுவலகத்தில் ஒரே சமையல்காரியின் பெயரைத் தேடி ஒரே காகிதத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று சொத்து இருந்தது. ஒன்று கடலோர பங்களா. இரண்டு ஆறு கடைகள். மூன்று இந்த இரண்டு அறை வீடு. தான் ஒளித்தது போக மிச்சம் இரண்டும் மற்றவர் ஒளித்தது என்று இருவரும் முடிவு கட்டினார்கள். இருவரும் மனுப் போட்டார்கள். மூன்றையும் விற்கவோ மாற்றவோ கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டுவிட்டது.

"அம்மா, நம்ம வீடும்மா! நம்ம வீட்டை எப்படி இதுல எழுதலாம்?" மகள் காகிதத்தை ஆட்டினாள். "பங்களாவாம், கடையாம். எதுக்கும்மா கையெழுத்து போட்டே? நீ சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிற?"

பெற்ற மகள் கேட்டுவிட்டாள். சமையலம்மாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"போய் நேருல சொல்றேன்டி," என்றாள் கடைசியில். "பதினாலு வருஷம் என் கையால சாப்பிட்டவங்க. சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

பாவம், அப்படித்தான் நம்பினாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஐயா சமையலறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, எவ்வளவு நாளா அவளுக்கு வேலை பாக்குற? கடை அவளுது. சரி, தெரிஞ்சுபோச்சு. அந்தச் சின்ன வீடு? அதுவும் அவளுதுதானே?"

"ஐயா, அது என் வீடுங்க. நான் தவணை கட்டி வாங்கினது."

ஐயா சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நல்லா சொல்லிக் குடுத்திருக்கா. உன் சம்பளத்துல சொந்த வீடா? யார்கிட்டம்மா கதை விடுற?"

"நான் பத்திரம் பதிஞ்ச அன்னைக்கு உங்ககிட்டதாங்கய்யா லீவு கேட்டேன். ஒரு நாள் சம்பளம் பிடிச்சீங்க."

"எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல," என்றார் ஐயா. போகிற போக்கில் மேல்தட்டிலிருந்து தன் தயிர்க் கிண்ணத்தை எடுத்து, யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

இருபது நிமிஷத்தில் மேடம் வந்தாள். அதே கதவு, அதே சாத்தல்.

"பங்களாவை இத்தனை வருஷம் மறைச்சு வச்சிருந்தியா நீ? உன்னை அக்கான்னு கூப்பிட்டேனே! போகட்டும். அந்த ரெண்டு ரூம் வீட்டுல அவர் யாரை வச்சிருக்கார்? அதை மட்டும் சொல்லு."

சமையலம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் கூசியது.

"மேடம்! அதுல நானும் என் பொண்ணும் இருக்கோம்."

"உன் பொண்ணா?" மேடம் கண்ணைச் சுருக்கினாள். "உன் பொண்ணுக்கு என்ன வயசு?"

அடிப்பாவி! சமையலம்மா அடுப்பை அணைத்தாள். அணைக்காவிட்டால் அதில் கொதிக்கிற பாலை என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "பேச்சை அளந்து பேசுங்க மேடம்," என்று மட்டும் சொன்னாள். மேடம் அதைக் கேட்கவில்லை. அவள் மூளை அதற்குள் வேறு கணக்குக்குப் போய்விட்டது.

பிறகு இருவரின் வக்கீல்களும் ஒரே நாளில் விழித்துக்கொண்டார்கள். வழக்கு இந்த வழியில் போனால், அடுத்தவர் பேரில் சொத்தை ஒளித்தது வெளியே வரும். வரித்துறை வரும். இரு தரப்பும் கம்பி எண்ண வேண்டியதுதான். உடனே நீதிமன்றத்தில் அவகாசம் வாங்கிக்கொண்டு, மணிக்கு இத்தனை என்று கூலி வாங்குகிற தனியார் சமரசர் ஒருவரிடம் ஓடினார்கள். பத்திரம் மூன்றும் சமையலம்மா பேரில் இருப்பதால் அவள் கையெழுத்து இல்லாமல் துரும்பும் நகராது. அவளையும் வரச் சொன்னார்கள்.

ஒன்பதாவது மாடியில் கண்ணாடி அறை. நீள மேஜை. நடுவில் தண்ணீர் பாட்டில்களும், அழுகிறவர்களுக்காக ஒரு டிஷ்யூ பெட்டியும். அந்தப் பெட்டி இன்னும் பிரிக்கப்படவே இல்லை. ஐயா ஒரு பக்கம், பக்கத்தில் அவருடைய தடித்த வக்கீல். மேடம் எதிர்ப்பக்கம், பக்கத்தில் பேனாவை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருக்கிற அவளுடைய வக்கீல். தலைப்பக்கத்தில் வழுக்கைத் தலைச் சமரசர். சமையலம்மாவுக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி. மடியில் பிஸ்கட் டின்.

சமரசர் வரைவை வாசித்தார். குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது.

"சொத்து ஒண்ணு, சாருக்கு. சொத்து ரெண்டு, மேடத்துக்கு. சந்தோஷம். சொத்து மூணு, இதை ரெண்டு பேருமே தன்னுதுன்னு ஒத்துக்கல. அதனால வித்து, வர்றதை ஆளுக்குப் பாதி."

"சம்மதம்," என்றார் ஐயா.

"சம்மதம்," என்றாள் மேடம்.

இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. சமையலம்மாவுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. அவள் எழுந்து டின்னை மேஜை மேல் வைத்துத் திறந்தாள்.

"ஐயா, அது என் வீடு. நூத்தி முப்பத்திரண்டு ரசீது இருக்கு. பாருங்க."

தடித்த வக்கீல் இரண்டு விரலால் ஒரு ரசீதைத் தூக்கிப் பார்த்துத் திரும்பப் போட்டார். "பணம் கட்டினதுக்குத்தான் இது சாட்சி. யார் பணம்ங்கிறதுக்கு இல்ல. ஏம்மா, நீ சமையல் வேலை செய்யுற ஆளு. உனக்கு என்ன சம்பளம்?"

"பதினெட்டாயிரம். சேர்ந்தப்போ ஏழாயிரம்."

"பாத்தீங்களா? ஏழாயிரத்துல ஆறாயிரத்து நூறு தவணை கட்டினாளாம்! மிச்சத்துல காத்தைக் குடிச்சாளாம்!"

"காலையில ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்ச்சிட்டுதான் இவங்க வீட்டுக்கு வருவேன். என் பொண்ணு பதினெட்டு வயசுல இருந்து வேலைக்குப் போறா. காத்தைக் குடிக்கல, கஞ்சியைக் குடிச்சோம்."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா வக்கீல் பேனாவை நிறுத்திவிட்டுத் தன் கோப்பைச் சட்டென்று மூடினார். தடித்த வக்கீலும் எதையோ நினைத்துக்கொண்டவர் போலப் பேச்சை மாற்றினார். "சம்பள விஷயம் இங்க வேணாம். அடுத்த அம்சத்துக்குப் போவோம்."

ஆனால் சமரசருக்கு மணிக்கணக்கில் கூலி. எந்தக் காகிதத்தையும் அவர் அவசரமில்லாமல் புரட்டுகிறவர். "ஒரு நிமிஷம்," என்றார். "பதினெட்டாயிரமா? மேடம் ஜீவனாம்சம் கேட்டுக் கொடுத்த பிரமாணப் பத்திரத்துல, பதினாலு வருஷமா சமையல்காரிக்கு மாசம் அறுபதாயிரம்னு போட்டிருக்கே?"

பேனா வக்கீல் மூடிய கோப்பின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"அதெல்லாம் உத்தேசமா..." என்றாள் மேடம்.

ஐயா தொடையைத் தட்டிச் சிரித்தார். "அறுபதாயிரமா! பொய்யி! வீட்டுச் செலவை ஊதிப் பெருக்கி என்கிட்ட கறக்கப் பாத்தியா?"

"நீங்க மட்டும் யோக்கியமா?" மேடம் அவர் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷம் கழித்து இருவரும் நேருக்கு நேர் பேசிய பேச்சு அது. "உங்க கம்பெனிக் கணக்குல இவளை நிர்வாக அலுவலர்னு எழுதி, மாசம் எழுபத்தஞ்சாயிரம் சம்பளம்னு வரியைக் குறைக்கல? அதையும் சத்தியம் பண்ணித்தானே கோர்ட்டுல கொடுத்தீங்க?"

சமையலம்மா சுவரோரம் நின்று கேட்டாள். நிர்வாக அலுவலராம். அந்த நிர்வாக அலுவலர் போன வருஷம் பல் பிடுங்க இரண்டாயிரம் முன்பணம் கேட்டதற்கு, இருவரும் அடுத்தவரைக் கைகாட்டி அவளை மாடிக்கும் கீழுக்கும் நாலு நாள் நடக்கவிட்டார்கள். கடைசியில் மகள்தான் கொடுத்தாள். அது ஞாபகம் வந்ததும் அவளுடைய பயம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. பதினான்கு வருஷம் சந்தைக் கணக்குப் பார்த்த தலை அது. காகிதம் தேவையில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள்.

யாரும் திரும்பவில்லை. அவள் பிஸ்கட் டின் மூடியை மேஜையில் ஓங்கி அடித்தாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"மேடம் அறுபதுன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. ஐயா எழுபத்தஞ்சுன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. நான் ஐயா கணக்கை விட்டுடறேன். மேடம் கணக்கையே வச்சுக்குவோம். நீங்க அறுபது கொடுத்தது நெசம்னா, என் வீடு என் சம்பளத்துல வாங்கினது. அதுல கை வைக்க நீங்க யாரு? கொடுக்கலைன்னா, முதல்ல இருந்தே பதினெட்டு கொடுத்தீங்கன்னு வச்சாலும் மாசம் நாப்பத்திரண்டாயிரம் எனக்குப் பாக்கி. பன்னெண்டு மாசம், பதினாலு வருஷம். எழுபது லட்சத்து ஐம்பத்தாறாயிரம் வருது. என் வீடு அதுல பாதி கூட வராது. ரெண்டுல எது, சொல்லுங்க."

பேனா வக்கீல் போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கணக்கு சரியாக இருந்தது.

"ஏம்மா, நீ..." என்று ஆரம்பித்த தடித்த வக்கீல் நிறுத்திக்கொண்டார். "அம்மா, நீங்க உக்காருங்க. உணர்ச்சிவசப்படாதீங்க."

நீ என்பது நீங்க ஆயிற்று. அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் குமட்டியது.

"உக்காரல. ரெண்டுல ஒண்ணு சொல்லலைன்னா இங்கிருந்து நேரா கோர்ட்டுக்குப் போறேன். பங்களா எப்படி வந்துச்சு, கடை எப்படி வந்துச்சு, என் சம்பளம் என்னன்னு எல்லாத்தையும் சொல்லிடறேன். நானும் கையெழுத்து போட்டவதான். எனக்கும் தண்டனை கிடைச்சா கிடைக்கட்டும். உங்க கூட உள்ள போறதுதான் எனக்கு அசிங்கம். ஆனாலும் போறேன்."

"இவளுக்கு இவ்வளவு வாயா!" என்றாள் மேடம். அதை ஐயாவைப் பார்த்துத்தான் சொன்னாள். ஐயாவும் ஆமாம் என்று தலையாட்டினார். கண்ணராவி! புருஷன் பெண்டாட்டியாக அவர்கள் ஒன்று சேர்ந்தது அந்த ஒரு நொடிதான்.

வக்கீல்கள் இருவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாவது சொத்து பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. அது சமையலம்மாவின் சொந்தச் சம்பாத்தியம், அதில் இரு தரப்புக்கும் எந்த உரிமையும் இல்லை, தடையை நீக்க இருவரும் சேர்ந்து மனுச் செய்வார்கள் என்று தட்டச்சாகி வந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதத்தை அவள் நாலு தடவை படித்து, மடித்து, ரசீதுகளுக்கு மேலே வைத்து டின்னை மூடினாள்.

அடுத்து அவள் முறை. தடை நீங்கியதும் பங்களாவையும் கடைகளையும் மாற்றிக் கொடுக்கிற காகிதங்களை நீட்டினார்கள். பேனா வக்கீல் குனிந்து மெல்லக் கேட்டார். "கோடிக்கணக்கு அம்மா. ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே? ஏதாவது கொடுப்பாங்க." தன் கட்சிக்காரருக்கே குழி பறிக்கிற அந்த யோசனையில் தனக்கும் பங்கு உண்டா என்று அவர் கண் கேட்டது.

"தொட்டதே போதும் சார். கையெல்லாம் நாறுது," என்று சொல்லி அவள் பதினொரு இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

எழப் போனவளைச் சமரசர் தடுத்தார். "கடைசியா ஒரு அம்சம் இருக்கு. இருபத்தேழாவது. சமையல்காரி திங்கள், செவ்வாய், புதன் சார் வீட்டுல. வியாழன், வெள்ளி, சனி மேடம் வீட்டுல. ஞாயித்துக்கிழமை மாத்தி மாத்தி. இதுல ரெண்டு தரப்பும் ஏற்கனவே சம்மதிச்சாச்சு."

தன்னையும் ஃப்ரிட்ஜ் மாதிரி நாடா ஒட்டிப் பிரித்திருக்கிறார்கள். அதை அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் பேனா வக்கீலின் கையிலிருந்து பேனாவை வாங்கி, இருபத்தேழாவது அம்சத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

"அப்ப யாரு சமைக்கிறது?" என்றார் ஐயா.

"அப்ப யாரு சமைக்கிறது?" என்றாள் மேடம்.

இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பதினான்கு வருஷச் சாப்பாட்டுக்கு அந்தக் கேள்விதான் கடைசியில் மிஞ்சியது. சமையலம்மா இடுப்பிலிருந்து மளிகை அலமாரிச் சாவி இரண்டையும் உருவி மேஜை நடுவில் போட்டாள். டின்னை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கதவு மூடுவதற்குள் பின்னால் சத்தம் கேட்டது.

"அது என் சாவி. வளையத்துல நூல் கட்டியிருக்கு பாருங்க."

"நூல் கட்டினது என் பூட்டுச் சாவி. எடுக்காத!"

சமரசர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இருவரையும் பேசவிட்டார்.

வீடு வந்து சேரும்போது வெயில் இறங்கவில்லை. மகள் கடைக்கு லீவு போட்டுவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்னம்மா ஆச்சு? ரசீதைக் காட்டினியா? நம்பினாங்களா?"

"வீடு நம்மளுதுதான். எழுதிக் கொடுத்துட்டாங்க."

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான்தான் சொன்னேன்ல, பதினோரு வருஷ ரசீது பேசும்னு!"

சமையலம்மா கதவைத் திறந்து உள்ளே போய், டின்னை அது எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தாள். குழாயைத் திறந்துவிட்டுக் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"ரசீதை யாரும் பாக்கலடி," என்றாள். "பதினெட்டாயிரம்னு நெசத்தைச் சொன்னேன், சிரிச்சாங்க. அவங்க எழுதின பொய்யை அவங்களுக்கே திருப்பிச் சொன்னேன், வீட்டைக் கொடுத்துட்டாங்க."

மகள் துண்டை நீட்டினாள். அவள் அதை வாங்காமல் இன்னொரு தடவை சோப்பை எடுத்தாள்.